எவ்வளவு போதும்: வீட்டு மின்சேமிப்பும் இல்லறத்தார் நோன்பும்

மின்வாரியத்தின் கம்பி வழியே வரும் மின்சாரத்துக்கு, அதை நுகரும் வீட்டாரின் கண்ணுக்குத் தெரியும் எல்லை எதுவும் இல்லை. ஒரு விசையைத் தட்டினால் விசிறி சுழல்கிறது, மற்றொன்றைத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது, எவ்வளவு செலவாயிற்று என்பது தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, செலவெல்லாம் முடிந்த பிறகே, ஓர் எண்ணாக வந்து சேர்கிறது. பேட்டரியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதற்குள் இருப்பது இவ்வளவுதான் என்பது வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகையால் மின்தடை நேரத்துக்கென ஓர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க முனையும் குடும்பம், கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே, இந்த வீட்டுக்கு எவ்வளவு போதும் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது. பார்வைக்கு இது ஒரு கணக்கு. ஆனால் எது தேவை, எது விருப்பம், ஒருவரின் வசதிக்காக வேறு யார் எதை இழக்கலாம் என்னும் கேள்விகள் அந்தக் கணக்குக்குள் பொதிந்திருப்பதால், அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த ஒரு சிக்கலின் இன்றைய வடிவமாகவும் அது அமைகிறது.

முற்றத் துறந்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதையும் வைத்துக்கொள்ளாதவர் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று எண்ண வேண்டியதில்லை. குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டை நடத்துகிறவருக்கே அளவு என்பது அன்றாடம் எதிர்ப்படும் பிரச்சினை. இந்திய அறமரபுகளுள் இல்லறத்தாரின் இந்த நிலையை மிக நுணுக்கமாக வகைப்படுத்தியது சமணம் எனலாம். துறவிக்கு விதித்த ஐந்து பெருநோன்புகளை (மகாவிரதம்) அது இல்லறத்தாராகிய சாவகருக்கு அப்படியே சுமத்தாமல், அவற்றையே சிறு அளவில், அணுவிரதங்களாக வகுத்துக் கொடுத்தது. துறவியின் ஐந்தாம் நோன்பு எதையும் உடைமையாகக் கொள்ளாமை. சாவகரின் ஐந்தாம் நோன்போ உடைமைக்கு ஒரு வரம்பு கட்டிக்கொள்ளுதல். தமிழில் மிகுபொருள் விரும்பாமை என்று வழங்கும் இந்நோன்பை, காஞ்சியோடு தொடர்புடையவராகக் கருதப்படும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்ற வடமொழி நூலில் விளக்கியிருக்கிறார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. சமந்தபத்திரர் இந்த நோன்புக்கு இச்சாபரிமாணம், அதாவது விருப்பத்துக்கு அளவிடுதல், என்று இன்னொரு பெயரும் தருகிறார். கையில் உள்ள பொருளை எண்ணிப் பார்ப்பதோடு நோன்பு நின்றுவிடுவதில்லை என்பதும், இனி வர இருக்கும் ஆசைக்கு இன்றே எல்லைக்கல் நடுவதே அதன் சாரம் என்பதும் இப்பெயரால் தெளிவாகின்றன.

சமணர்களிடையே மின்சாரம் பற்றிய விவாதம் ஒன்று ஏற்கெனவே உண்டு என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட நுண்ணுயிர்கள் உண்டு என்பது சமணக் கோட்பாடு. மின்சாரமும் தீயுடல் உயிர்களின் வகையைச் சேர்ந்ததா, உயிரற்ற வெறும் ஆற்றலா என்ற கேள்வியில் வடநாட்டுச் சுவேதாம்பரத் துறவியரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒலிபெருக்கியையும் மின்விளக்கையும் தொடாத துறவியர் பலர் இன்றும் உள்ளனர். அந்த விவாதத்தின் முடிவு எதுவாயினும், அது துறவியரைப் பற்றியது. விளக்கை நாடிவந்து மடியும் பூச்சிகளை எண்ணி, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கத்தைக் காக்கும் தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும், உண்டு முடித்த பின் பிள்ளைகள் படிக்க விளக்கு வேண்டியிருக்கிறது. இல்லறத்தாரின் கேள்வி மின்சாரம் ஆகுமா ஆகாதா என்பதன்று, எவ்வளவு ஆகும் என்பதே.

தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த நிலை மாறி நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பொருளானது 2008 முதல் 2013 வரை நீடித்த மின்பற்றாக்குறைக் காலத்தில்தான். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லை. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்தடை நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய காலங்களில் பேட்டரி வாங்குகிறவர் பெரும்பாலும் அச்சத்தில் வாங்குகிறார். அச்சத்தில் வாங்கும்போது அளவு தவறுகிறது, ஒன்று கைக்கு எட்டியதை வாங்கி ஏமாறுகிறார், அல்லது எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் தாங்க முடியாத செலவை ஏற்கிறார். நோன்பு என்பது அமைதியான நாளில் எடுக்கும் முடிவு. பேட்டரியின் அளவையும் அவ்வாறே முடிவுசெய்ய வேண்டும்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பேட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்சாரம். அதை வீட்டுக் கருவிகள் ஏற்கும் 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கலாம் என்பதை இன்வெர்ட்டரின் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவும், எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதைப் பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவும் தீர்மானிக்கின்றன. 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஒரு பேட்டரியில், 12-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட், இருக்க வேண்டும். ஆனால் அந்த அளவு, வழக்கமாக, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு; ஏழரை ஆம்பியர் வீதம் எடுப்பவருக்கே 150 முழுவதும் கிட்டும், மூன்று மடங்கு வேகத்தில் எடுப்பவருக்கு அது குறைந்துவிடும். வேகமாக உறிஞ்சினால் மொத்தமே சுருங்கும் என்ற இந்த இயல்பை வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே ஒரு விதியாக எழுதினார். இது தவிர, ஈய-அமிலப் பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைந்து குறைவதால், பாதியளவே பயன்படுத்துவது நல்லது; இன்வெர்ட்டர் மாற்றித் தரும்போதும் ஏறத்தாழ 15 விழுக்காடு வெப்பமாகப் போய்விடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட 1.8 யூனிட்டில் வீட்டார் நம்பி எடுக்கத்தக்கது முக்கால் யூனிட்டை ஒட்டியதே.

இந்த முக்கால் யூனிட்டை வைத்து ஒரு வீட்டின் தேவையை எழுதினால், 75 வாட் எடுக்கும் பழைய கூரை விசிறி இரண்டுக்கு 150 வாட், எல்இடி குழல்விளக்கு மூன்றுக்கு 60 வாட், இணைய ரவுட்டருக்கு 10 வாட் என 220 வாட் ஆகிறது. மூன்று மணி நேரத்துக்கு 660 வாட்-மணி. மாற்று இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது 780-க்குச் சற்றுக் குறைவு, அதாவது 150 ஆம்பியர்-மணிப் பேட்டரியின் நாற்பத்து மூன்று விழுக்காடு. வரம்புக்குள் அடங்குகிறது. இப்போது அதே வீடு விசிறிகளை மட்டும் 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி (தூரிகையற்ற நேர்மின் மோட்டார்) வகைக்கு மாற்றினால் மொத்தச் சுமை 130 வாட்டாக இறங்கி, 100 ஆம்பியர்-மணிப் பேட்டரியே போதுமானதாகிவிடுகிறது. அதே காற்று, அதே வெளிச்சம். குறைந்தது பேட்டரியின் அளவும் அதிலுள்ள ஈயமும், மின்தடை இல்லாத நாள்களின் கட்டணமும். சிக்கனமாக இன்வெர்ட்டர் அமைக்க விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம் பேட்டரிக் கடையன்று, விசிறிக் கடை. இதைச் சொல்ல வணிகர்களுக்கு நேரம் இருப்பதில்லை. பெரிய பேட்டரியைப் பரிந்துரைப்பது அவர்களுக்கு எளிது.

அடுத்து வரும் கருவிகளில்தான் நோன்பின் கடினம் தெரியும். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 100 முதல் 200 வாட் வரையே எடுத்தாலும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும்; மிக்சி 500 முதல் 750 வாட்; ஒரு குதிரைத்திறன் மோட்டார் இழப்புகளோடு சேர்ந்து அதற்கும் மேல்; ஒன்றரை டன் ஏசி 1,500 வாட்டை ஒட்டி. இவற்றுள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குப் பொறியியலில் விடை இல்லை. சமந்தபத்திரர் நுகர்பொருளைப் போகம், உபபோகம் என இரண்டாகப் பிரிக்கிறார். உணவுபோல ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம், ஆடைபோல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவ்விரண்டுக்கும் அளவிட்டுக்கொள்வது ஒரு தனி நோன்பாகிறது. அந்த அளவு வாழ்நாள் முழுமைக்கும் இருந்தால் இயமம், குறித்த காலத்துக்கு மட்டும் இருந்தால் நியமம் என்றும் அவர் வகுக்கிறார். மின்தடை நேரத்து மிக்சியை விட்டுவிடுதல் இப்பகுப்பில் நியமத்தோடு ஒக்கும். சட்னியைத் துறக்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரம் பொறுத்தால் போதும். மின்சாரம் இல்லாத பொழுது இயல்பு வாழ்க்கை சற்றும் குலையக்கூடாது என்று எண்ணுகிறவருக்கு எந்தப் பேட்டரியும் போதாது, எந்த விலையும் மலிவாகாது.

உடைமை வரம்பு நோன்பில் நேரக்கூடிய வழுவல்களாக (அதிசாரம்) சமந்தபத்திரரின் நூல் ஐந்தைக் கூறுகிறது: விலங்குகளையும் வண்டிகளையும் மிகையாக ஓட்டுதல், மிகையாகச் சேர்த்து வைத்தல், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதல், பேராசை, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். எருதும் வண்டியும் வணிகத்தின் கருவிகளாயிருந்த உலகத்துக்குச் சொன்னவை இவை. மின்கருவிகளுக்கு அவற்றை நீட்டுவது இன்றைய வாசிப்பே ஆகும். ஆயினும் அந்த நீட்சி வலிந்து செய்ததாகத் தோன்றாமைக்குக் காரணம், பேட்டரியின் வேதியியல் இவ்வழுவல்களை உண்மையிலேயே தண்டிக்கிறது என்பதுதான்.

மிகையாகச் சேர்த்து வைத்தலை எடுத்துக்கொள்ளலாம். ஈய-அமிலப் பேட்டரியில் மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் செய்தால் அது கரைந்து அமிலத்துக்குத் திரும்புகிறது. முழுமையாக மின்னேறாமல் நாள்கணக்கில் கிடந்தால் அந்தப் படிவு இறுகிப் படிகமாகி, பிறகு கரைவதே இல்லை. 150 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு அதன் பத்தில் ஒரு பங்கான 15 ஆம்பியர் அளவில் மின்னேற்றம் கிடைப்பது நல்லது. எதற்கும் இருக்கட்டும் என்று இரட்டிப்பு அளவில் பேட்டரியை வாங்கி, சிறிய மின்னேற்றியுள்ள இன்வெர்ட்டரோடு இணைத்தவரின் வீட்டில், நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போய்வரும் பருவத்தில், அந்தப் பேட்டரி ஒருநாளும் நிறைவதில்லை, நிறையாததாலேயே சாகிறது. மின்தடை அரிதான ஊரிலோ, அதே பெரிய பேட்டரி பயன்படாமலே மின்னேறிக்கொண்டு, நீர் வற்றிக்கொண்டு, காலத்தால் மூப்படைகிறது. வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. 25 பாகைக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் துறையின் பொதுக் கணக்கு. மாடிப்படிக்கட்டின் கீழே காற்றுப் போகாத மூலையில், மூன்று மாதமாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல், மிதவைக் காட்டியின் சிவப்புக் கோடு கீழே இறங்கியது கவனிக்கப்படாமல், முனைகளில் பச்சை வெள்ளைப் பூஞ்சைபோல உப்புப் பூத்துக் கிடக்கும் பேட்டரிகளைப் பல வீடுகளில் காணலாம். அதைப் பேணுவதற்கு வேண்டியது மாதத்தில் கால்மணி நேரம்.

பேட்டரியின் எல்லையைச் சமயப் பொருளாகவே எண்ணிய ஒரு கிறித்தவச் சமூகம் அமெரிக்காவில் உண்டு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் பழைய ஒழுங்கு ஆமிஷ் பிரிவினரின் தலைவர்கள், பொது மின்கம்பிகளிலிருந்து வீடுகளுக்கு இணைப்புப் பெறுவதில்லை என்று 1919-இல் முடிவெடுத்தனர். மின்சாரமே பாவம் என்று அவர்கள் கருதவில்லை. பேட்டரியில் எரியும் விளக்கை ஏற்றார்கள், கம்பியை மறுத்தார்கள். கம்பி வீட்டை ஊரோடும் நாட்டோடும் பிணைக்கிறது, எதைச் சேர்த்தாலும் தடுக்காது. பேட்டரியோ ஒவ்வொரு கருவியைப் பற்றியும் இது வேண்டுமா என்று சபையைக் கேட்க வைக்கிறது. பின்னர் 12 வோல்ட்டை 110 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர் வந்தபோது, பேட்டரி இருந்தும் கம்பியின் தாராளம் வீட்டுக்குள் நுழைந்துவிடுமே என்று அதையும் விவாதித்தனர். கணக்குப் பொறிக்கும் பட்டறைக் கருவிக்கும் ஏற்ற சபைகள் உண்டு, அறவே விலக்கிய சபைகளும் உண்டு. ஓர்ட்னுங் எனப்படும் அவர்களுடைய வாழ்க்கை விதி சபைக்குச் சபை மாறுபடுவது. ஆண்டில் இருமுறை, திருவிருந்துக்கு முன், சபையார் கூடி அதை உறுதிசெய்கின்றனர். அவர்களுடைய முடிவுகளைப் பிறர் ஏற்க வேண்டியதில்லை. ஒரு கருவி வீட்டுக்குள் வருமுன் அதைப் பற்றி எல்லாரும் கூடிப் பேசுவது என்ற பழக்கம் மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். விசிறி யாருக்கு, விளக்கு எந்த அறைக்கு என்பதை வீட்டின் ஆண் ஒருவரே கடையில் நின்று முடிவுசெய்யும் வழக்கத்தில், சமையலறைக்கு இன்வெர்ட்டர் இணைப்பே இல்லாமல் போன வீடுகள் நம்மிடையே எத்தனையோ.

மலிவு என்பதன் பொருளுக்கு இப்போது வரலாம். இன்று வீட்டாரின் முன் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் 1859-இல் உருவாக்கிய ஈய-அமிலக் கலத்தின் வழிவந்த டியூபுலர் பேட்டரி, 1990-களின் பிற்பாதியில் ஜான் குடினஃப் ஆய்வுக்குழு முன்வைத்த வேதியியலிலிருந்து வளர்ந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. டியூபுலர் என்பது நேர்முனைத் தகட்டின் வேதிப்பொருளை உறைபோன்ற குழாய்களுக்குள் அடைத்து, உதிராமல் காப்பது; 150 ஆம்பியர்-மணியில் 50 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. லித்தியம் வகை எடை குறைந்தது, தண்ணீர் கேட்காதது, எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இடம் தருவது, விலையோ கூடுதல். விளக்கத்துக்காக முன்னது 15,000 ரூபாய், 1,200 முறை முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக, 0.9 யூனிட் வீதம் பேட்டரியிலிருந்து தருவது என்றும், பின்னது 30,000 ரூபாய், 3,000 முறை ஒரு யூனிட் வீதம் தருவது என்றும் வைத்துக்கொண்டால், சேமித்துத் தந்த ஒரு யூனிட்டின் விலை முன்னதில் ஏறத்தாழ 14 ரூபாய், பின்னதில் 10 ரூபாய். நாள்தோறும் மின்சாரம் போகும் ஊரில் விலை கூடியதே மலிவு. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்தும் ஊரிலோ இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பயன்படுவதற்கு மூவாயிரம் முறைக்கான விலையைக் கொடுப்பது, தேவையின் அளவை மீறிய சேமிப்பே. பொதுவான ஒரு விடையைச் சொல்லி எல்லாரையும் ஒரே வகைக்கு அனுப்புகிறவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை. சைன் வேவ் இன்வெர்ட்டரா, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா என்பதில் மட்டும் தயக்கம் தேவையில்லை. பின்னதில் விசிறி உறுமும், மோட்டார்கள் சூடேறும், மிச்சமாகும் பணம் சிறிது.

விலைச்சீட்டில் ஏறாத ஒரு செலவு உண்டு; அறநோக்கில் அதுவே எல்லாவற்றிலும் கனமானது. ஈய-அமிலப் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நான்கைந்து ஆண்டுகளில் அது செத்த பிறகு, உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குச் சென்றால் அதன் ஈயத்தில் மிகப்பெரும் பகுதி மீண்டும் பேட்டரியாகிறது. உலகில் மிக நன்றாக மறுசுழற்சியாகும் பொருள்களுள் ஈய-அமிலப் பேட்டரியும் ஒன்று. கூடுதலாகச் சில நூறு ரூபாய் தரும் காயலான் கடைக்குச் சென்றாலோ, அது ஊர்ப்புறத்துக் கொட்டகை ஒன்றில் கோடரியால் பிளக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுகிறது. செனகல் நாட்டின் டக்கார் அருகே தியாரொய் சுர் மேர் என்ற ஊரில், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுத்த மண்ணால், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் உள்ளது என்று யுனிசெஃப், ப்யூர் எர்த் தொண்டு நிறுவனம் ஆகியவை 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது; முறையற்ற பேட்டரி உருக்குதலை அது முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. குழந்தையின் அறிவு வளர்ச்சியை அது குறைக்கிறது, குறைந்தது மீள்வதில்லை.

சமந்தபத்திரர் பயனின்றிச் செய்யும் தீமைகளை அனர்த்ததண்டம் என ஒரு வகையாக்கி, அவற்றை விலக்குவதையும் இல்லறத்தாரின் நோன்பாக்குகிறார். அதில் இரண்டு உறுப்புகள் இங்கு நேரடியாகத் தொடர்புடையவை. ஒன்று, பிரமாதசரியை: கவனக்குறைவால் வீணாக மண்ணைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல். ஆளில்லாத அறையில் பேட்டரியில் சுழலும் விசிறி இதில் சேரும். அதிலும் பேட்டரியில் ஏற்றி எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வழியிலேயே இழக்கப்படுவதால், அங்கு வீணாகும் ஒரு யூனிட் உண்மையில் ஒன்றரை யூனிட்டுக்கு நெருங்கியது. மற்றொன்று, இம்சாதானம்: கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, போர்க்கருவி போன்ற தீங்கின் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். கொடுத்தவர் வெட்டவில்லை, எரிக்கவில்லை. எனினும் கொடுத்த செயலே அவருடைய கணக்கில் எழுதப்படுகிறது. முப்பது கிலோ ஈயத்தை எங்கே போகிறது என்று கேளாமல் தூக்கிக் கொடுப்பவரின் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை இன்றைய சுற்றுச்சூழல் சட்டங்களிலும் காண்பது அரிது.

தம் வீட்டு வெளிச்சத்துக்காக வேறு யார் உழைக்கிறார் என்ற கேள்வியை யூதச் சமயச் சட்டமும் எழுப்பியிருக்கிறது. ஓய்வுநாளான சபாத்தில் மின்நிலையத்தில் யூதர்கள் வேலை செய்து உண்டாக்கும் மின்சாரத்தை அந்நாளில் நுகரலாகாது என்று, ஹசோன் இஷ் என அறியப்பட்ட ரபி அவ்ரஹாம் யெஷயா கரேலிட்ஸ் (1878–1953) தீர்ப்பளித்தார். அதை ஏற்கும் குடும்பங்கள் இஸ்ரேலின் ப்னே ப்ராக் போன்ற நகரங்களில் அன்று பொது இணைப்பை விட்டு, ஜெனரேட்டரையும், இப்போது முன்னதாகவே மின்னேற்றிய பேட்டரிகளையும் நாடுகின்றன. கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாமல் இருப்பதற்காக ஒரு சமூகம் இவ்வளவு சிரமத்தை ஏற்பது வணக்கத்துக்குரியது. பேட்டரியின் மறுமுனையிலும் ஒருவர் இருக்கிறார். ஈயம் உருக்கும் உலையருகே நிற்கும் கூலித்தொழிலாளியும், அவர் மேலுடையில் ஒட்டிய தூசியோடு வீடு திரும்பும்போது ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையும்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம்: மின்சாரம் தருவது அரசின் கடமையாயிருக்க, வீட்டாரைப் பார்த்து அளவோடு இரு என்று சொல்வது ஏழையின் மேல் சுமையேற்றுவது ஆகாதா? வாதம் சரியானதே. ஆக்ஸிஜன் செறிவூட்டியில் மூச்சுவிடும் முதியவரின் வீட்டில் அந்தக் கருவிக்கு வேண்டிய 300, 350 வாட் முதல் வரியில் எழுதப்பட வேண்டும், அங்கு வரம்பு பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பேட்டரி வாங்கவே இயலாத குடும்பத்திடம் நோன்பு பேசுவது அறமும் ஆகாது. அணுவிரதம் உடையவருக்குச் சொன்னது, இல்லாதவருக்கு அன்று. மேலும், இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் மின்தடையை உணர்வதே இல்லையென்றால், மின்வாரியத்தைக் கேள்வி கேட்கும் வலிமையுள்ள குரல்கள் அடங்கிவிடுகின்றன. கேட்கத் திராணியற்றவர்கள் மட்டும் இருளில் எஞ்சுகிறார்கள். தனக்கென ஒளியைச் சேமித்தவர் தெருவுக்காகக் கேட்கும் கடமையிலிருந்து விடுபடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, ஊர்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றின. அவ்வளவு நீண்ட தடைக்குத் தனி வீட்டுப் பேட்டரிகள் போதுமானவையல்ல. விருந்தினரோடு பகிர்தலைச் சாவகரின் கடைசி நோன்பாக வைத்த சமண மரபு இதை அறிவுறுத்துகிறது: வரம்பு கட்டுவது மிச்சப்படுத்துவதற்கு, மிச்சப்படுத்துவது பகிர்வதற்கு. ஐந்து வாட்டில் அண்டை வீட்டாரின் கைப்பேசிக்கு மின்னேற்றித் தருவது எந்தக் கணக்கையும் குலைத்துவிடாது.

புதிய பேட்டரி வாங்கும் நாளில் பழையதன் கதியையும் முடிவுசெய்துவிட வேண்டும். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் சுமத்துகின்றன. குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பிலோ மறுசுழற்சியிலோ ஈடுபட்டுள்ள முறையான அமைப்பிடம் சேர்க்கும் பொறுப்பை வாங்குபவருக்கும் தருகின்றன. ஆகவே கூடுதல் நூறு இருநூறு ரூபாய்க்காகத் தெருவில் கூவி வருபவரிடம் அதைத் தூக்கிக் கொடுக்காமல், புதியதை விற்கும் அங்கீகாரம் பெற்ற முகவரிடமே பழையதை ஒப்படைத்து, அதன் வரிசை எண்ணோடு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுமாறு இல்லறத்தார் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது தகும்.